கத்தி பட்ட பிறகு

சவரக் கத்தியால் ஏற்படும் காயத்துக்கு மற்றக் காயங்களுக்கு இல்லாத ஒரு நல்ல குணம் உண்டு. பாறையில் உரசிப் பெறும் சிராய்ப்பிலும், வலை இழுக்கையில் நைலான் கயிறு அறுப்பதிலும், கெளுத்தி முள் ஏறுவதிலும் தோலின் ஓரங்கள் நசுங்கியும் கிழிந்தும் போகின்றன. நன்றாகத் தீட்டிய கத்தியோ தோலை நசுக்காமல் பிரித்துவிடுகிறது. பிரிந்த இரண்டு ஓரங்களும் நேராகவும் உயிரோடும் இருப்பதால், அவற்றைச் சேர்த்து வைத்தால் உடனே ஒட்டத் தொடங்கிவிடும். அறுவை மருத்துவர் வேண்டுமென்றே போடும் கீறலுக்கும் இதற்கும் தன்மையில் பெரிய வேறுபாடில்லை. முகத்துக்கு இரத்த ஓட்டமும் மிகுதியாதலால், காலில் இரண்டு வாரம் கிடக்கும் காயம் கன்னத்தில் ஐந்தாறு நாளில் மூடிக்கொள்கிறது. அப்படியிருந்தும் மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை என்று எங்கள் கரையோர ஊர்களில் தாடையில் கறுத்த கோட்டோடும், மோவாயின் கீழ்த் தடித்த மேட்டோடும் நடமாடும் ஆண்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தி செய்த கெடுதல் சிறியது. பிறகு வந்த நிமிடங்களிலும் வாரங்களிலும் செய்யப்பட்டவையே அந்தத் தழும்பை உண்டாக்கியிருக்கின்றன.

நான் இந்தக் கரையில் ஒரு மருந்துக்கடை நடத்துகிறேன். அடுத்த கட்டடத்தில் முடிதிருத்தும் நிலையம் இருக்கிறது. கன்னத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு அங்கிருந்து நேராக என் கடைப் படியேறி, “அண்ணே, ரத்தம் நிக்க மாட்டேங்குது, ஏதாவது பவுடர் குடுங்க” என்று கேட்பவர்களுக்கு அவசரத்தில் நான் சொல்லி முடிக்க முடியாததையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். நானும் பிளேடு மாற்றும் கருவியை விட்டுவிட்டு, தோல்வாரில் தீட்டிப் பயன்படுத்தும் பழைய மாதிரிக் கத்தியால் சவரம் செய்துகொள்பவன்தான்.

முதலில், வெட்டு எப்படி விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். கூரான கத்தியை அதன் விளிம்புக்கு நேர் செங்குத்தான திசையில், தோலோடு ஏறத்தாழ முப்பது பாகைச் சாய்வில் நகர்த்தினால் அது மயிரை மட்டும் எடுத்துக்கொண்டு போகும். அதே கத்தி நூலளவு பக்கவாட்டில் வழுக்கினால் தோல் திறந்துவிடும். தக்காளியின்மேல் கத்தியை வைத்து அழுத்தினால் அது நசுங்குவதையும், சற்றே இழுத்தால் அறுபடுவதையும் சமையலறையில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆகவே மோவாய், தாடை வளையும் மூலை, தொண்டைக் குமிழ் ஆகிய மேடு பள்ளமான இடங்களில்தான் வெட்டு அதிகம் விழுகிறது. தோலை மறு கையால் இழுத்துப் பிடிக்காததும், வேகமும், எதிர்வாக்கில் மழிக்கும் ஆசையும் மற்றக் காரணங்கள்.

இவை எந்த ஊருக்கும் பொருந்தும். எங்கள் கரைக்கே உரிய இரண்டு காரணங்கள் வேறு உண்டு. ஒன்று தண்ணீர். இங்கே கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பல இடங்களில் உவர்ப்பு; அதில் கரைந்துள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெண்ணிறக் கசடாகிவிடுவதால், பிரஷ்ஷை எவ்வளவு சுழற்றினாலும் நுரை கட்டியாக நிற்பதில்லை; கன்னத்தில் பூசிய சில நொடிகளில் காய்ந்துவிடுகிறது. காய்ந்த நுரையின்மேல் கத்தி வழுக்காமல் பிடித்து இழுக்கிறது. சவரத்துக்கு மட்டும் ஒரு டம்ளர் காவிரிக் குழாய்த் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ எடுத்துக்கொண்டாலே இந்தத் தொல்லை தீரும். உவர் நீரைக் கொதிக்க வைப்பதால் பெரிய பயனில்லை. கொதியில் படிந்து போகும் உப்புகள் சில, போகாத உப்புகள் பல. இன்னொன்று காற்று. கார்பன் எஃகுக் கத்தியின் விளிம்பு கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. அதன்மேல் படியும் உப்பு ஈரம் ஓர் இரவிலேயே துருப் புள்ளிகளை உண்டாக்கும். அந்தப் புள்ளிகள் வாரில் தீட்டும்போது உதிர்ந்து, விளிம்பில் நுண்ணிய பற்களை விட்டுச் செல்கின்றன. பற்கள் விழுந்த கத்தி, நான் முதலில் சொன்ன அந்த நல்ல குணத்தை இழந்துவிடுகிறது. அது பிரிக்காமல் கிழிக்கிறது. கத்தியைக் கழுவி, துணியால் ஒற்றி, சற்று நேரம் திறந்தே வைத்து உலர்த்திய பிறகு, விளிம்பில் ஒரு சொட்டு எண்ணெய் தடவி, குளியலறைக்கு வெளியே வைப்பது எங்களைப் போன்ற ஊர்க்காரர்களுக்குக் கட்டாயம் என்றே சொல்வேன்.

கடைகளில் இப்போது பெரும்பாலும் அரை பிளேடைச் செருகும் கத்திதான் இருக்கிறது. அதில் துருவும் தீட்டலும் பிரச்சினையில்லை. ஆனால் புதிய பிளேடின் விளிம்பு தீட்டிய கத்தியைவிட முரட்டுத்தனமாகக் கடிக்கும். அதன் மூலைகளும் கூராக இருப்பதால் காது மடலுக்குக் கீழும் உதட்டோரத்திலும் சிறு குத்துக் காயங்கள் விழும். உங்கள் கண்ணெதிரே புதிய பிளேடைப் பிரித்துச் செருகச் சொல்லுங்கள். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, உலர்ந்த இரத்தக் கறையில், குறைந்தது ஏழு நாள் நோய் பரப்பும் ஆற்றலோடு இருக்கக்கூடியது. பிளேடை மாற்றிவிட்டு, அதே படிகாரக் கட்டியை வரிசையாக வருகிற எல்லோருடைய வெட்டின்மேலும் தேய்ப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது? இதைச் சொல்வதால் முடிதிருத்துபவர் யாரும் கோபிக்க வேண்டியதில்லை. நம் ஊர்களில் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் கட்டியைக் கீறி ஆற்றுவதும் ஒரு காலத்தில் அவர்கள் குடும்பங்களின் தொழிலாகவே இருந்தன. பிரசவம் பார்த்தவர்களும் அந்த வீட்டுப் பெண்களே. எங்கள் அடுத்த கடைக்காரர் இப்போது படிகாரத்தைச் சிறு துண்டுகளாக உடைத்து வைத்து, ஆளுக்கொன்று எடுத்து, வேலை முடிந்ததும் எறிந்துவிடுகிறார். ஐந்து ரூபாய்க் கட்டி நிறைய பேருக்கு வருகிறது.

இனி வெட்டு விழுந்த உடனே செய்ய வேண்டியது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முகத்திலுள்ள நுரையை நல்ல தண்ணீரால் கழுவி, சுத்தமான துணியை மடித்து வெட்டின்மேல் வைத்து விரலால் அழுத்த வேண்டும். அழுத்தம் உறுதியாகவும் இடைவிடாமலும் இருக்க வேண்டும். முழுதாகப் பத்து நிமிடம். இந்தப் பத்து நிமிடத்தைக் கடைப்பிடிப்பவர்கள் மிகக் குறைவு. அரை நிமிடத்துக்கு ஒரு முறை துணியை எடுத்துக் கண்ணாடியில் பார்க்கிறார்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும், இரத்தத் தட்டுகள் கூடி அடைக்கத் தொடங்கிய வாயைத் திறந்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறோம் என்பதுதான் பொருள். வெந்நீர் ஒற்றடத்தால் விரிந்த இரத்தக் குழாய்களிலிருந்து சிறு வெட்டும் ஏராளமாகக் கசியும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியோ, துணியில் சுற்றிய பனிக்கட்டியோ குழாய்களைச் சுருங்கச் செய்யும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரை உட்கொள்பவர்களுக்கு இரத்தம் நிற்கக் கூடுதல் நேரம் ஆகும் என்பதால், அவர்கள் பத்து நிமிடத்தைப் பதினைந்தாகக் கொள்ளலாம். சவரம் செய்பவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது.

படிகாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அது நம்மிடமுள்ள மிக நல்ல மருந்துகளில் ஒன்று, தவறாகப் பயன்படுத்தப்படுவதிலும் முதலிடம் அதற்கே. சீனக்காரம் என்றும் நாம் அழைக்கும் இந்த அலுமினிய உப்பு, இரத்தத்திலும் தோலின் மேற்பரப்பிலும் உள்ள புரதங்களை உறையச் செய்து, நுண்குழாய்களின் வாயைச் சுருக்குகிறது. கத்தி தோலின் மேலடுக்கை மட்டும் சீவியதால் ஊசிமுனைபோல் இரத்தம் துளிர்க்கும் இடங்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. கட்டியைக் குளிர்ந்த நீரில் நனைத்து, இடத்தில் மெல்ல வைத்து, அரை நிமிடம் பொறுத்து, கழுவிவிட வேண்டும். கழுவாமல் விட்டால் தோல் வறண்டு இறுகி அரிக்கும். வாய் பிளந்த வெட்டுக்குள் படிகாரத் தூளைத் திணிப்பதுதான் கூடாது. அங்கே அது இரத்தத்தை நிறுத்துவதோடு, ஒட்ட வேண்டிய இரண்டு ஓரங்களின் உயிரணுக்களையும் சேர்த்தே உறைய வைக்கிறது. உறைந்த திசு நடுவில் கிடக்க, உடல் அதை அகற்றிவிட்டு அந்த இடைவெளியைப் புதுத் திசுவால் நிரப்ப வேண்டியிருக்கிறது. அந்த நிரப்பல்தான் தழும்பு. ஆழமான வெட்டுக்கு அழுத்தமே மருந்து.

காயத்தில் என்னென்ன வைக்கிறார்கள் என்று கேட்டால், எங்கள் கரையில் பட்டியல் நீளும். வெற்றிலைச் சுண்ணாம்பு வைப்பவர்களைக் கண்டுதான் எனக்கு மிகுந்த வருத்தம். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு கடுமையான காரம். ஈரமான காயத்தில் பட்டதும் தோலை வேதிமுறையில் சுட்டுவிடும். கோடு போல் இருந்த வெட்டு, மறுநாள் மிளகளவு குழியாக மாறி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். காப்பித்தூளும் துணி எரித்த சாம்பலும் இரத்தத்தைப் பிடித்து நிறுத்துவது உண்மைதான். ஆனால் அவற்றின் கரித்துகள்கள் தோலுக்குள் அடைபட்டு, பச்சை குத்தியதுபோல் நீலக் கறுப்பாக நிரந்தரமாகத் தங்கிவிடும். மஞ்சளை நான் இழித்துச் சொல்ல மாட்டேன். அதற்குக் கிருமியை எதிர்க்கும் தன்மை உண்டு. எனினும் கடையில் வாங்கும் பொடி கிருமி நீக்கப்பட்டதில்லை. அதில் சாயம் கலந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். வயலோரத்திலும் கிணற்றடியிலும் கிடைக்கும் வெட்டுக்காயப் பூண்டின் சாற்றை எங்கள் பாட்டிமார் பிழிந்து விட்டார்கள். மருத்துவ வசதி எட்டாத காலத்தில் அது பெரிய துணை. இன்று குழாயைத் திறந்தால் நல்ல தண்ணீர் வரும் வீட்டில், தெருவோரச் செடியின் மண்ணையும் சேர்த்து முகத்தில் ஏற்ற வேண்டிய தேவை இல்லை.

டெட்டாலை அப்படியே ஊற்றுவதும், ஸ்பிரிட் தடவுவதும், ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு நுரைப்பதைப் பார்த்து மகிழ்வதும் இதே வகையைச் சேர்ந்தவைதாம். கிருமியைக் கொல்லும் அந்த வேகம், காயத்தை மூட ஓடி வரும் நம் அணுக்களையும் கொல்கிறது. எரிச்சல் இருந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சவர வெட்டுக்கு ஓடும் குடிநீரும் சாதாரண சோப்பும் போதும்.

இரத்தம் நின்ற பிறகு காயத்தைக் காயவிட வேண்டும், காற்றுப் பட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மை அதற்கு நேர் எதிரானது. 1962-இல் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் ஒரே அளவான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலித்தீன் தாளால் மூடி, சிலவற்றைக் காற்றில் விட்டுப் பார்த்தார். மூடி ஈரமாக வைத்தவற்றில் புதுத் தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் படர்ந்திருந்தது. காரணம் எளிது. காய்ந்த காயத்தில் பொருக்குக் கட்டுகிறது; புதிய தோலணுக்கள் அந்தப் பொருக்குக்கு அடியில், ஈரம் இருக்கும் ஆழத்தைத் தேடிக் குடைந்துகொண்டு நகர வேண்டியிருக்கிறது. ஈரமான பரப்பிலோ அவை தடையின்றி நகர்கின்றன. அதனால்தான் என்னிடம் பவுடர் கேட்பவர்களுக்கு நான் பவுடர் கொடுப்பதில்லை. சிறு டப்பா வெள்ளை வாஸ்லின் கொடுக்கிறேன். அதைச் சுத்தமான விரலால் மெல்லிய படலமாகத் தடவி, மேலே சிறு பிளாஸ்திரி ஒட்டி, நாளுக்கு ஒரு முறை கழுவி மாற்றினால் போதும். ஆன்டிபயாடிக் களிம்பு வேண்டாமா என்று கேட்கிறார்கள். தோல் அறுவைக்குப் பின் வெறும் வாஸ்லினையும் ஆன்டிபயாடிக் களிம்பையும் ஒப்பிட்டு, 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஆய்வு, கிருமித்தொற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் காணவில்லை. நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கலந்த களிம்புகளால் தோல் சிவந்து அரிப்பது என் கடையிலேயே அடிக்கடி காண்பதுதான்.

பொருக்குக் கட்டிவிட்டால் அதை நகத்தால் பெயர்க்காதீர்கள். வெட்டு ஆறும் முன்பே அந்த இடத்தில் மறுபடி கத்தி வைப்பதும் பெயர்ப்பதற்குச் சமம். எட்டு முதல் பத்து நாள் அந்த இடத்தைச் சுற்றி மட்டும் மழித்துக்கொண்டு, காயத்தின்மேல் மயிரை வளரவிட வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தாலும் அப்படியே போகலாம்.

இப்போது கடலுக்கு வருகிறேன். “உப்புத் தண்ணி பட்டா புண்ணு சீக்கிரம் ஆறிரும்” என்பது கரையில் பிறந்த ஒவ்வொருவரும் கேட்டு வளர்ந்த வாக்கு. கொதிக்க வைத்த நீரில் வீட்டு உப்பைக் கரைத்துக் காயத்தைக் கழுவுவதற்கு அது பொருந்தலாம். நம் கடலுக்குப் பொருந்தாது. பாக் நீரிணையும் மன்னார் வளைகுடாவும் ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பானவை. அத்தகைய கடல்நீரில் விப்ரியோ இனத்தைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் இயல்பாகவே வாழ்கின்றன. அவற்றுள் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்பது திறந்த காயத்தின் வழியே புகுந்தால், ஒரே நாளில் வீக்கமும் கடும் வலியும் இரத்தம் கோத்த கொப்புளங்களும் காய்ச்சலும் உண்டாக்கி உயிரையே பறிக்கக்கூடியது. நோய் அரிதானதுதான், ஆனால் நீரிழிவு உள்ளவர்களுக்கும், குடியாலோ மஞ்சள் காமாலையாலோ ஈரல் கெட்டவர்களுக்கும் அந்த ஆபத்து பல மடங்கு அதிகம், அப்படிப்பட்டவர்கள் எங்கள் ஊர்களில் குறைவாக இல்லை. தொழிலுக்குப் போகாத நாளில் சவரம் செய்துகொண்டு மறுநாள் விடியுமுன் படகேறும் மீனவருக்குக் கடல் நீர் முகத்தில் தெறிக்காமல் இருக்கப் போவதில்லை. அவருக்கு நான் சொல்வது இவ்வளவே: வெட்டு விழுந்திருந்தால் நீர் புகாத பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டு போங்கள், கரை திரும்பியதும் அதைக் கழற்றி நல்ல தண்ணீரும் சோப்பும் கொண்டு கழுவி, புதிதாக மூடுங்கள். இராமேசுவரத்தில் மொட்டையடித்த கையோடு அக்னி தீர்த்தக் கடலில் இறங்குபவர்களும், ஏர்வாடி தர்காவுக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்து குழந்தைக்கு முடி இறக்கிவிட்டு அப்படியே கடல் பார்க்க அழைத்துப் போகிறவர்களும் தலையில் கத்தி பட்ட இடம் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால், முதலில் கடலாடி, பிறகு முடியிறக்கும்படி வரிசையை மாற்றிக்கொள்ள இடமிருக்கிறதா என்று புறப்படும்போதே பேசி வைக்கலாம்.

கடலைவிட அதிகமான முகங்களைக் கெடுப்பது வெயில். வெட்டு மூடிய பின் உள்ளே வேலை முடிந்துவிட்டதாக நாம் நினைக்கிறோம். அப்போதுதான் தழும்பின் வேலை தொடங்குகிறது. முதல் மூன்று வாரங்களில் உடல் அவசரமாக இட்ட கொலாஜன் என்னும் புரத இழைகளை, பிறகு பல மாதங்கள், சில சமயம் ஓராண்டுக்கு மேலும், அகற்றி அகற்றி வலுவான இழைகளாக மாற்றி அடுக்குகிறது. மூன்றாம் வாரத்தில் அந்த இடத்துக்குப் பழைய தோலின் வலுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். மூன்று மாதத்தில் 80 சதவீதத்தை எட்டும். அதற்கு மேல் முழு வலு ஒருபோதும் திரும்பாது. இந்தக் காலம் முழுவதும் இளஞ்சிவப்பாக இருக்கும் அந்த இடத்தின் நிறமணுக்கள் எளிதில் தூண்டப்படும் நிலையில் இருக்கின்றன. நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுத்த தோலினருக்கும் வீக்கம் ஏற்பட்ட இடமெல்லாம் கறுப்பது இயல்பு. அதன்மேல், பூமத்திய ரேகைக்கு ஒன்பது பாகை வடக்கே, நீர்ப்பரப்பிலும் மணலிலும் பட்டுத் திரும்பும் வெயிலும் சேர்ந்தால், மயிரளவு வெட்டு மூன்றே வாரத்தில் கரிக்கோடாகிவிடும். தனுஷ்கோடி மணலில் ஒரு பகல் நின்றவருக்கு, கீழிருந்தும் வெயில் அடிக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாடைக்கு அடியில் விழுந்த வெட்டும் அங்கே நிழலில் இல்லை.

ஆகவே காயம் முழுதாக மூடியதும், குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் அதற்கு மேலும், அந்த இடத்துக்கு நிழல் கொடுக்க வேண்டும். சன்ஸ்கிரீன் வாங்க முடிந்தவர்கள் எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத, துத்தநாக ஆக்சைடு கலந்த ஒன்றை வாங்கி, வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை தடவலாம். திறந்த காயத்தில் மட்டும் தடவக் கூடாது. படகில் வியர்வையோடும் உப்போடும் போராடுபவரிடம் இரண்டு மணி நேரக் கணக்குப் பேசுவதில் பொருளில்லை என்பதை அறிவேன். அவருக்கு மைக்ரோபோர் என்று நாங்கள் விற்கும் காகிதப் பட்டையைப் பரிந்துரைக்கிறேன். விலை குறைவு, தோல் நிறத்திலும் கிடைக்கிறது, வெட்டின் நீளவாக்கில் ஒட்டினால் வெயிலை மறைப்பதோடு, பேசும்போதும் மெல்லும்போதும் தழும்பு இழுபடுவதையும் குறைத்து, அது தடிக்காமல் காக்கிறது. தானாக உரியும்வரை விட்டுவிட்டுப் பிறகு புதிதாக ஒட்டலாம். தலையில் கட்டும் துண்டைத் தாடையைச் சுற்றி இறக்கிக் கட்டிக்கொள்வதும் நல்ல காப்பு.

இழுபடுதல் என்றதும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. வியன்னாவில் கார்ல் லாங்கர் என்ற உடற்கூற்று அறிஞர் 1861-இல் சடலங்களின் தோலில் வட்டமான ஊசியால் துளையிட்டபோது, துளைகள் வட்டமாக நிற்காமல் குறிப்பிட்ட திசைகளில் நீண்டு பிளந்ததைக் கண்டு, தோலுக்கு இயல்பான இழுவிசைக் கோடுகள் உண்டென்று வரைந்து காட்டினார். கழுத்தில் சுருக்கங்கள் குறுக்காக ஓடுவதால், மேலிருந்து கீழாக மழிக்கும்போது விழும் குறுக்கு வெட்டு அந்தச் சுருக்கத்துக்குள்ளேயே மறைந்துவிடுகிறது. மேலுதட்டிலோ சுருக்கங்கள் நெடுக்கானவை. அங்கே அதே குறுக்கு வெட்டு கோடுகளை அறுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு சிரிப்பிலும் பிரித்து இழுக்கப்படுகிறது. மேலுதட்டுக் காயத்துக்கு மற்ற இடத்தைவிட நீண்ட காலம் பட்டை ஒட்ட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

எப்போது என் கடைக்கு வராமல் மருத்துவரிடம் போக வேண்டும்? பதினைந்து நிமிடம் உறுதியாக அழுத்தியும் இரத்தம் நிற்காவிட்டால். துடித்துத் துடித்து வந்தால். ஓரங்கள் பிளந்து உள்ளே மஞ்சள் கொழுப்புத் தெரிந்தால். தாடை எலும்பின்மேல், மெல்லும் தசைக்குச் சற்று முன்னால் விரல் வைத்தால் ஒரு நாடி தட்டும். முகத்துக்குப் போகும் தமனி அங்கே எலும்பின் மேலேறி வருகிறது. அந்த இடத்தில் ஆழமாக வெட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. உதட்டின் சிவப்பும் தோலும் சேரும் எல்லைக் கோட்டை வெட்டு கடந்திருந்தால், அது சிறியதாக இருந்தாலும் தையல் தேவைப்படும். அந்தக் கோடு ஒரு மில்லிமீட்டர் விலகி ஒட்டினாலும் எதிரே நிற்பவர் கண்ணுக்குப் படும். முகத்தில் போட்ட தையலை ஐந்து நாள் அளவில் பிரித்துவிட வேண்டும். வேலை இருக்கிறது என்று பத்து நாள் விட்டவர்களுக்கு, வெட்டு மறைந்து தையல் புள்ளிகள் மட்டும் தழும்பாக நிற்கும். மச்சத்தை வெட்டிக்கொண்டு அது ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தால் காட்டிவிட வேண்டும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டுப் பத்தாண்டு கடந்தவர்கள், காயத்தில் துருவோ மண்ணோ பட்டிருந்தால் ஐந்தாண்டு கடந்தவர்களும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். காசு கேட்க மாட்டார்கள்.

சிலர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் தழும்பு மேடாகி வளரும். அது காயத்தின் எல்லைக்குள் தடித்து நின்றால் காலப்போக்கில் தணியக்கூடியது. எல்லையைத் தாண்டி, மாதங்கள் கழித்தும் நண்டுக்கால் போல் பரவினால் அது கீலாய்டு. இந்தத் தன்மை குடும்பங்களில் தொடர்கிறது. கறுத்த தோலினருக்கு அதிகம் வருகிறது. தாடை ஓரமும் காது மடலும் அது விரும்பும் இடங்கள். அம்மாவுக்குக் காது குத்திய இடத்தில் கட்டி வளர்ந்திருந்தால், அந்த மகன் கத்திச் சவரத்தை விட்டுவிட்டு, தோலைத் தொடாமல் மயிரைக் கத்தரிக்கும் டிரிம்மருக்கு மாறிவிடுவதே நல்லது. பின்கழுத்தில் சிறு சிறு கட்டிகள் வருபவர்களும் அங்கே கத்தியால் கோடு எடுக்கச் சொல்லாமல் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே இருக்கும் தழும்புக்கு என்ன செய்வது என்பதுதான் என் கடையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி. வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுவதில் பயனில்லை. 1999-இல் மயாமியில் நடந்த ஒரு சிறிய ஆய்வில் அதைத் தடவியவர்களில் மூன்றில் ஒருவருக்குத் தோல் அழற்சிதான் வந்தது. தடித்த தழும்புக்குச் சிலிக்கான் ஜெல்லோ சிலிக்கான் தாளோ நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதம் தொடர்ந்து வைத்தால் தணிவு தெரியும். கறுத்த கோட்டுக்கு நிழல்தான் முதல் மருந்து. முகம் வெளுக்க என்று கைமாறிக் கைமாறி வரும், ஸ்டீராய்டும் ஹைட்ரோகுயினோனும் கலந்த டியூப்களை மருத்துவர் சீட்டில்லாமல் நான் கொடுப்பதில்லை, யார் வந்து கேட்டாலும். தொடர்ந்து தடவினால் தோல் காகிதமாக மெலிந்து, நுண்ணிய இரத்தக் குழாய்கள் சிவந்து தெரிந்து, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகக் கறுக்கும். நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது என்பதால் அண்ணன் வாங்கித் தம்பி தடவுகிறான்.

கீலாய்டுக்குத் தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போடும் சிகிச்சை உண்டு. அது மருத்துவர் கையால் அளவறிந்து போடப்படுவது; பொதுவாக நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல முறை போட வேண்டும். விசைப்படகுக்காரர்கள் முதல் ஊசிக்கு வந்துவிட்டு இரண்டாம் தடவை கடலில் இருந்துவிடுகிறார்கள். பாதியில் விட்ட தழும்பு மீண்டும் வளர்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதே, அதன் முதல் வாரத்திலேயே ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்குப் போய்த் தொடங்கினால், நான்கு வார இடைவெளியில் மூன்று ஊசிகளைக் கரையில் இருக்கும்போதே முடித்துவிடலாம். போகும்போது இதுவரை அந்தத் தழும்பில் தடவிய டியூப்கள் எல்லாவற்றையும், தீர்ந்துபோனவற்றின் அட்டைகள் இருந்தால் அவற்றையும், ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.